ஒரு கோலுக்காக விட்ட தேத்தண்ணி

எங்கள் ஏழாம் நம்பர் மலையிலிருந்து பார்த்தால் கல்லருவிக் கல்லூரியின் கிரவுண்ட் ஒரு தாம்பாளத் தட்டு அளவுக்குத்தான் தெரியும். எனக்கு அந்த அளவு போதும். யாரிடம் பந்து இருக்கிறது, யார் சும்மா ஓடுவது போல் நடிக்கிறான் என்பதை எல்லாம் ஓட்டத்தை வைத்தே சொல்லிவிடுவேன். இருபத்திரண்டு வருடமாக இந்த மலையில் கொழுந்து எடுக்கிறேன். கை அதன் பாட்டுக்கு எடுத்துக்கொண்டிருக்கும். கண் கீழே கிடக்கும்.

"உங்க மகனா விளையாடுறான்?" என்று வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். எனக்கு மகன் இல்லை. ஒரே மகள் வினோதா, கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். பந்துப் பேச்சை எடுத்தாலே போனை வைத்துவிடுவாள். அண்ணன் மகன், தம்பி மகன் என்றும் அந்த டீமில் எனக்கு ஒருவரும் இல்லை. நானும் அந்தக் கல்லூரியில் படித்தவளில்லை. எட்டாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலேயே என் படிப்பு நின்றுபோனது. பிறகு எதற்கடி இந்தக் கிறுக்கு என்று கேட்பார்கள். பச்சைச் சட்டை போட்ட பதினோரு பேர் அந்தக் கிரவுண்டுக்குள் ஓடிவரும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துபோகிறது. அந்த நேரத்தில் என்னைவிடச் சந்தோஷமானவள் இந்தத் திம்புள்ளைப் பக்கத்திலேயே இருக்கமாட்டாள்.

மெச் எப்போதும் புதன்கிழமைதான். ஒவ்வொரு தேயிலை மலைக்கும் ஏழு நாளைக்கு ஒருமுறை ஆள் போகும். அதை ரவுண்ட் என்போம். ஏழாம் நம்பரின் ரவுண்ட் புதன்கிழமையில் விழும்படி பார்த்துக்கொள்வது நானாக எடுத்துக்கொண்ட பொறுப்பு. நடுவில் பௌர்ணமிக்கு விடும் போயா லீவு ஒன்று வந்து ரவுண்ட் வியாழனுக்குத் தள்ளிப்போனால், வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் விடிந்ததும் விடியாததுமாகக் கங்காணி பழனியாண்டியோடு சண்டை பிடிப்பேன். அவர் அசையமாட்டார். நானும் அசையமாட்டேன். கடைசியில், "இவ வாயில விழுந்து எந்திரிக்க என்னால முடியாதுப்பா," என்று புதன்கிழமைக்கே மாற்றிவிடுவார்.

எனக்கு அடுத்த நிரையில் தெரேசா எடுப்பாள். கோல் எது, அவுட் எது என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் நான் கத்தினால் கத்துவாள், நான் தலையில் கைவைத்தால் அவளும் வைப்பாள். அப்படி ஒரு கூட்டாளி கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

போன வருடம் எங்கள் டீமுக்குக் கெட்ட காலம். நன்றாக விளையாடிய ஐந்து பேர் பரீட்சை முடிந்த கையோடு கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். பயிற்சி கொடுத்த ஆசிரியருக்கு இடமாற்றம் வந்தது; அவருக்குப் பதிலாக யாரும் வரவில்லை. மிஞ்சியவர்களை வைத்துக்கொண்டு துஷாந்த் தலைவனாக நின்றான். துஷாந்த் எங்கள் லயத்துப் பையன், அதே வீட்டு வரிசையில் எங்களுக்கு நாலு காம்பரா தள்ளி இருப்பவன். ஆள் நெடுநெடுவென்று இருப்பான், வாயிலிருந்து ஒரு சொல் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அந்த சீசனுக்கு மொத்தம் ஆறு மெச். முதல் மெச்சில் நாலு கோல் வாங்கினார்கள், இரண்டாவதில் மூன்று. நாங்கள் போட்டது ஒன்றும் இல்லை.

அந்த இரண்டாவது மெச் முடிந்த மறுநாள், தண்ணீர்ப் பீலியடியில் துஷாந்த் வாளியை வைத்துவிட்டுப் பேசாமல் நின்றான். என்னடா என்று மூன்று தடவை கேட்ட பிறகு சொன்னான்.

"பிரின்சிபல் சேர் கூப்பிட்டு பேசினாருக்கா. இந்த சீசன் முடியிறதுக்குள்ள ஒரு கோலாவது போடணுமாம். இல்லாட்டி அடுத்த வருசம் டீம் இல்ல."

"டீம் இல்லன்னா?"

"புட்போலே இல்ல. கிரவுண்ட்ல வகுப்புக் கட்டடம் கட்டப்போறாங்களாம்."

பிரின்சிபல் அலோசியஸ் சேர் கெட்ட மனிதர் இல்லை. பிள்ளைகள் தோற்றுத் தோற்று மனசு விட்டுப்போகிறார்கள், படிப்பும் கெடுகிறது என்று அவர் நினைத்திருக்கிறார். அது எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய? கிரவுண்ட் இல்லாமல் போனால் ஏழாம் நம்பரில் நின்று நான் எதைப் பார்ப்பேன்? வாரத்தில் மற்ற ஆறு நாளையும் அந்த ஒரு நாளை நினைத்துக்கொண்டுதானே தள்ளுகிறேன்.

ஏழாம் நம்பரின் உச்சியில் ஒரு கல் இருக்கிறது. கொழுந்துச் சாமி என்போம். எடுக்கும் முதல் கைப்பிடிக் கொழுந்தை அதன் முன்னால் வைத்துவிட்டுத்தான் நிரைக்குள் இறங்குவோம். அடுத்த புதன்கிழமை அந்தக் கல்லின் முன்னால் கொழுந்தை வைத்துவிட்டு நின்றேன். பெரிதாக ஏதாவது நேர்ந்துகொள்ள வேண்டும். கோழி, தேங்காய் எல்லாம் எல்லாரும் நேர்ந்துகொள்வதுதான். எனக்குப் பிரியமானது எது என்று யோசித்தேன். நான் ஒரு நாளைக்கு எட்டுத் தேத்தண்ணி குடிப்பவள். உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு, பால் விடாத சாயத்தைக் கொதிக்கக் கொதிக்கக் குடித்தால்தான் எனக்கு விடியும்.

"சாமி, இந்தப் பயலுக ஒரு கோல் போடுற வரைக்கும் நான் தேத்தண்ணியில வாய் வைக்கமாட்டேன்," என்றேன் சத்தமாக.

பின்னால் நின்ற தெரேசா பதறிப்போனாள். "ஏன்டி, கொழுந்துச் சாமிகிட்டயே போயி தேத்தண்ணிய விடுறேங்குற. அது கோவிச்சுக்காதா?"

அதை நான் யோசிக்கவில்லை. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

அன்றைய மெச்சிலும் கோல் இல்லை, எங்களுக்கு இரண்டு விழுந்தது. அன்று சாயந்தரமே எனக்குத் தலைவலி தொடங்கிவிட்டது. மறுநாள் கண்ணுக்குள் ஏதோ மிதந்தது. மூன்றாம் நாள் உலகமே ஒரு சாண் தள்ளிப்போய் நின்றது. கொழுந்து எடுக்கிறேன், விரலில் பட்டது தெரியவில்லை. தெரேசா பேசுகிறாள், வாய் அசைந்து முடிந்த பிறகு சத்தம் வந்து சேர்கிறது. நட்டநடுப் பகலில் கிரவுண்டிலிருந்து விசில் கேட்கிறது. எட்டிப் பார்த்தால் இரண்டு மாடுகள் மேய்கின்றன. கண்ணை மூடினால் பச்சைச் சட்டைக்காரர்கள் தேயிலைச் செடிகளுக்கு மேலேயே ஓடுகிறார்கள், காலில் ஒரு இலைகூடப் படவில்லை. பந்து கல்லூரிக் கூரைக்கு மேலே போய் இறங்க மனமில்லாமல் நிற்கிறது. அது கீழே வருவதற்காக நானும் வாயைத் திறந்துகொண்டு நிற்பேன்.

"ஜீவராணி! நிரை எங்க, நீ எங்க?" என்று கங்காணி சத்தம் போடுவார். பார்த்தால் அடுத்தவள் நிரையில் எடுத்துக்கொண்டிருப்பேன்.

என் வீட்டுக்காரர் அழகனுக்கு ஃபெக்டரியில் தூள் காய்ச்சும் அறையில் வேலை. வேலை விட்டு வரும்போது அவர் சட்டையில் சுடச்சுடத் தூள் வாசம் ஏறியிருக்கும். இருபது வருடமாக அந்தச் சட்டையைக் கழற்றி வெளியே போடுங்கள் என்று கத்தியவள் நான். இப்போது அவர் வாசலுக்கு வருமுன் எழுந்துபோய், தோளில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்பேன்.

"என்னைய மோந்து பாக்குறியா, சட்டையவா?" என்று கேட்டார் ஒருநாள்.

"சட்டையத்தான்."

"அப்ப இதையே துவைக்காம போட்டுக்கிட்டு வாறேன்," என்றார். பாவம், அப்படியே செய்தார்.

நாலாவது மெச் அன்று நடந்ததைச் சொல்ல எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

ஆடி மாதத்தில் எங்கள் பக்கம் மத்தியானத்துக்கு மேல் மூட்டம் இறங்கும். சத்தம் போடாமல்தான் வரும். முதலில் கல்லூரி மணிக்கூண்டு போகும். அப்புறம் தூரத்துக் கோல் கம்பம். அப்புறம் பிள்ளைகளின் கால்கள் மட்டும் தெரியும். கொஞ்ச நேரத்தில் அதுவும் போய், வெள்ளைக்குள்ளிருந்து பந்தை உதைக்கும் சத்தம் மட்டும் மேலே வரும். நாங்கள் நாற்பது பெண்கள் கையை நிறுத்திக் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்போம். அப்படிக் காதால் பார்த்த மெச் எத்தனையோ. கண்ணால் பார்ப்பதைவிட அது அழகாக இருக்கும், யாரும் தப்பாக விளையாடமாட்டார்கள்.

அன்று அந்த வெள்ளைக்குள்ளிருந்து "கோல்!" என்று ஒரு சத்தம் கிளம்பியது. பெரிய சத்தம். மலையே அதிர்ந்தது. செடியின் மட்டம் பார்க்க வைத்திருக்கும் மட்டக்கம்பைத் தூக்கி எறிந்தேன். தெரேசா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள். பெண்களெல்லாம் கூவினார்கள். மலைக்கு வந்த தேத்தண்ணி வாளியிலிருந்து தெரேசா ஒரு கோப்பை மொண்டு என் வாயில் வைத்தாள். நான் ஒரு மடக்கு விழுங்கினேன். ஐயோ, அந்த மடக்கு! ஒரு வாரமாகத் தள்ளி நின்ற உலகம் ஓடிவந்து என் பக்கத்தில் நின்றுகொண்டது. மரமெல்லாம் மரமாகத் தெரிந்தது.

ரோட்டிலிருந்து ஏறி வந்த கங்காணி எங்களைப் பார்த்துவிட்டு நின்றார். "எதுக்கு ஆடுறீங்க? அடிச்சது அவனுங்க," என்றார்.

மிச்சத்தைக் கீழே ஊற்றிவிட்டேன். விழுங்கியதை என்ன செய்வது? விரலை விட்டு வாந்தியெடுக்கப் பார்த்தேன், வரவில்லை. எதிராளி போட்ட கோலுக்கு என் நேர்த்தியை உடைத்தவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அடுத்த வாரம் ஐந்தாவது மெச். எங்களுக்கு ஐந்து கோல் விழுந்தது. அந்த ஐந்தும் என் ஒரு மடக்கினால்தான் விழுந்தது என்று இன்றும் நம்புகிறேன். யார் சிரித்தாலும் சிரிக்கட்டும்.

அன்று கொழுந்து நிறுவை முடிந்ததும் தனியாக மலையேறிப் போய்க் கல்லின் முன்னால் நெடுநேரம் நின்றேன். "தப்பு பண்ணிட்டேன் சாமி. இனிமே என் கண்ணால பாத்த கோலுக்கு மட்டுந்தான் குடிப்பேன். சத்தத்த நம்பமாட்டேன்," என்று சொல்லி, தோப்புக்கரணமும் போட்டேன். மூட்டத்துக்குள் என்னை யாரும் பார்க்கவில்லை.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு மெச். நுவரெலியாவிலிருந்து வரும் கல்லூரியோடு. அவர்கள் அந்த வருடம் யாரிடமும் தோற்கவில்லை.

அந்த வாரத்தில் திங்கள் போயா. அப்படியானால் ஏழாம் நம்பர் வியாழனுக்குப் போகும். புதன்கிழமை காலை பெரட்டுக்களத்துக்குச் சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். நான் வாயைத் திறக்குமுன் பழனியாண்டி கங்காணி, "ஏழாம் நம்பர். எல்லாரும் ஏழாம் நம்பர்," என்றார்.

நான் அவரையே பார்த்தேன்.

"என்ன பாக்குற? எனக்கு மேல இருக்கிற கண்டாக்கையாகிட்ட நேத்தே சொல்லிட்டேன். போ, போயி எடு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. திட்டினால் தாங்குவேன், இப்படிச் செய்தால் தாங்கமாட்டேன்.

மெச் மூன்று மணிக்குத் தொடங்கியது. எங்கள் பிள்ளைகள் எல்லாருமாகச் சேர்ந்து கோல் கம்பத்தின் முன்னால் நின்று அவர்கள் அடித்ததையெல்லாம் தடுத்தார்கள். காலில், முதுகில், ஒருவனுக்கு முகத்தில்கூடப் பட்டது. இடைவேளை வரை ஒன்றும் விழவில்லை. பிறகு தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருக்காது, மூட்டம் இறங்கிவிட்டது. அந்த மாதிரி மூட்டம் அந்த வருடத்தில் வரவில்லை. என் கையிலிருந்த மட்டக்கம்பின் அடுத்த முனை எனக்குத் தெரியவில்லை. கீழே ரெஃப்ரி விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தியது கேட்டது. அப்புறம் எந்தச் சத்தமும் இல்லை.

இதில் எப்படிக் கொழுந்து எடுப்பது? கங்காணி நிறுவையை முன்கூட்டியே வைத்துவிட்டார். நிறுவை ரோட்டோரம், கிரவுண்டுக்குப் பக்கத்தில். எடை பார்த்து முடிந்தபோதும் மூட்டம் அப்படியே இருந்தது. வாளியில் பாதித் தேத்தண்ணி சூடாக மிச்சம்.

"பிள்ளைங்க குளிர்ல நிக்கிறாங்களே, குடுத்துட்டு வருவோமா?" என்றாள் தெரேசா.

இருபத்திரண்டு வருடத்தில் அன்றுதான் முதல்முறையாக அந்தக் கிரவுண்டுக்குள் கால்வைத்தேன். வழக்கமாக நிறுவை முடிந்து வருவதற்குள் மெச் முடிந்து ஆள் கலைந்திருக்கும். புல் நான் நினைத்ததைவிட நீளமாக, ஈரமாக இருந்தது. இவ்வளவு பெரியதா இந்த இடம்? நடக்க நடக்கத் தீரவில்லை. மூட்டத்துக்குள்ளிருந்து ஒவ்வொருவனாகத் தெரிந்தார்கள். நான் மேலிருந்து ஓட்டத்தை வைத்தே அடையாளம் கண்டவர்கள். ஒருவனுக்கு முகம் நிறையப் பரு. ஒருவனுக்கு அப்போதுதான் மீசை. உதடெல்லாம் நீலம் பாரித்து, அக்குளில் கையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நுவரெலியாப் பிள்ளைகளும் கலந்துதான் இருந்தார்கள். தூங்கி எழுந்து கனவுக்குள்ளேயே நடப்பது போல, கோப்பையை ஒவ்வொருவன் கையிலும் வைத்துக்கொண்டே போனேன். யாரையாவது தொட்டால் மறைந்துவிடுவானோ என்று பயமாகக்கூட இருந்தது.

துஷாந்த் கோப்பையை வாங்கிக்கொண்டு, "நீங்க குடிக்கலயாக்கா?" என்றான்.

"நீ குடி."

தெரேசாவுக்கு வாய் சும்மா இருக்காது. "அவ எப்படி குடிப்பா? நீங்க ஒரு கோல் போடுற வரைக்கும் தேத்தண்ணி வேணாம்னு கொழுந்துச் சாமிக்கு நேந்திருக்கா. மூணு கிழமையாச்சு."

ஒருவன் சிரித்தான். அப்புறம் அவனும் நிறுத்திக்கொண்டான். துஷாந்த் கோப்பையைக் கீழே வைத்தான். அதைப் பார்த்து மற்றவர்களும் வைத்தார்கள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நேந்தது நானு, விளையாடுறது நீங்க. விறைச்சுப்போயி எப்படி ஓடுவீங்க? எடுத்துக் குடிங்கடா!" என்று கத்தினேன். பயந்துபோய் எல்லாரும் குடித்தார்கள். துஷாந்த் குடித்துவிட்டு என்னைப் பார்க்காமல், "எனக்குத் தெரியாதுக்கா," என்றான்.

அரை மணி நேரத்தில் மூட்டம் கொஞ்சம் விலகியது. முழுக்க இல்லை, ஒரு கோல் கம்பத்திலிருந்து பார்த்தால் நடுக்கோடு வரை தெரிந்தது. ரெஃப்ரி ஆட்டத்தைத் தொடங்கினார். நாங்கள் வாளியோடு நுவரெலியா டீமின் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் அகப்பட்டுக்கொண்டோம். கோட்டுக்கு நேராக நான் நின்றேன்.

முடிய ஐந்து நிமிடம் இருக்கும். யாரோ தூக்கி அடித்த பந்து மூட்டத்திலிருந்து வந்து துஷாந்தின் காலடியில் விழுந்தது. அவன் முன்னால் ஒரே ஒருவன். அவனைத் தாண்டினான். அடித்தான். பந்து மேல் கம்பத்தில் மோதிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கம்பத்தில் பட்டு நேராகக் கீழே விழுந்து எழும்பியது. கீப்பர் பாய்ந்து அணைத்துக்கொண்டான்.

"கோல்!" எங்கள் பதினோரு பேரும் கையைத் தூக்கினார்கள். நிறுவையிலிருந்து வந்து பின்னால் நின்ற பெண்கள் கூவினார்கள். தூரத்தில் நடுக்கோட்டருகே நின்ற ரெஃப்ரி தூக்கிய கைகளைப் பார்த்தார், சத்தத்தைக் கேட்டார், விசிலை ஊதி நடுவைக் காட்டினார். கோல்.

பந்து விழுந்தது சுண்ணாம்புக் கோட்டின் மேல். பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். கீப்பர் கையிலிருந்த பந்தில் சுண்ணாம்பு அப்பியிருந்ததுகூட எனக்குத் தெரிந்தது. பந்து முழுதாகக் கோட்டைத் தாண்டினால்தான் கோல். நான் பார்த்தேன். என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

தெரேசா கோப்பையை என் கையில் திணித்தாள். "குடிடி, குடி!" துஷாந்த் தன் ஆட்களை விட்டுவிட்டு என்னை நோக்கி ஓடிவந்தான். வாழ்க்கையில் அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "அக்கா, குடிங்கக்கா!"

தூக்கினேன். வாசம் மூக்கில் ஏறியது. ஒரு மடக்குத்தான். குடித்தால் டீம் இருக்கும், கிரவுண்ட் இருக்கும், என் புதன்கிழமைகள் இருக்கும். யாருக்கு நட்டம்? குடித்துவிடு ஜீவராணி என்று எனக்கு நானே சொன்னேன். கோப்பையின் விளிம்பு உதட்டில் பட்டது. என் கை அதற்கு மேல் சாயவில்லை. குடிக்கவும் முடியாமல் இறக்கவும் முடியாமல் நின்றேன். அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல் இருந்தது.

துஷாந்தின் சிரிப்பு மெல்லக் குறைந்தது. கோப்பையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"உள்ள போகலயாக்கா?"

நான் கோப்பையை இறக்கினேன். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது.

அவன் சட்டையைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டான். திரும்பி நடந்தான். நடுவட்டத்தில் பந்தை வைத்துக்கொண்டிருந்த ரெஃப்ரியிடம் போய், "கோல் நெமெய், சேர்," என்றான். கோல் இல்லை சேர் என்று சிங்களத்தில். ரெஃப்ரி இரண்டு தடவை கேட்டார். அவனும் இரண்டு தடவை சொன்னான். ஒன்றுக்கு மூன்று சொல் பேசாத பிள்ளை, பேசவேண்டிய இடத்தில் பேசிவிட்டது.

கோல் போனது. இரண்டு நிமிடம் கழித்து நுவரெலியாக்காரர்கள் ஒன்று போட்டார்கள். அது உண்மையான கோல், வலை கிழியாத குறை. சாமிக்குக் கண்ணே இல்லை என்று அந்தக் கிரவுண்டில் நின்றே திட்டினேன். மெச் முடிந்தது, சீசன் முடிந்தது.

பிள்ளைகள் புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். "ஏன்டா வாயத் தொறந்த?" என்று ஒருவன் துஷாந்தைக் கேட்டான். அவன் பூட்ஸ் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தான். நான் என் கோப்பையை அவனிடம் நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினான்.

அலோசியஸ் சேர் மூட்டத்துக்குள்ளிருந்து குடையோடு வந்தார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். அவர் பிள்ளைகளைப் பார்க்காமல் நேராக என்னிடம் வந்தார்.

"ரெஃப்ரி சொன்னாரு. நீங்கதான் பாத்தீங்களா?"

"ஆமாங்க சேர்."

"ஏதோ நேர்த்தின்னு பிள்ளைங்க சொல்றாங்களே?"

சொன்னேன். எட்டுத் தேத்தண்ணி, கொழுந்துச் சாமி, நாலாவது மெச்சில் விழுங்கிய ஒரு மடக்கு, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது எனக்கே பைத்தியக்காரி பேசுவது போல் இருந்தது. அவர் என் கையிலிருந்த ஆறிப்போன கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு சின்ன வயசில காய்ச்சல் வந்து பேச்சு நின்னுபோச்சு," என்றார். "எங்கம்மா மாதாவுக்கு நேந்துக்கிட்டு, நான் திரும்பப் பேசுற வரைக்கும் கால்ல செருப்பு போடல. ரெண்டு வருசம். இந்தக் குளிர்ல." குடையை மற்றக் கைக்கு மாற்றினார். "நேர்த்திய நடுவில நிப்பாட்டுற பாவம் எனக்கு வேணாம்மா. நீங்க தேத்தண்ணி குடிக்கணும்னா கோல் வேணும். கோல் வேணும்னா டீம் இருக்கணுமே."

துஷாந்த் தலையைத் தூக்கினான். தெரேசா எதுவும் புரியாமலே கைதட்டத் தொடங்கிவிட்டாள். அன்றைக்குத்தான் அவள் சரியான இடத்தில் கைதட்டினாள்.

இப்போது அடுத்த வருடத்து வைகாசி. அடுத்த புதன்கிழமை முதல் மெச். கிரவுண்டில் புல் வெட்டிச் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த ஆசிரியர் பிள்ளைகளை மூச்சுமுட்ட ஓடவிடுகிறார். வெசாக் லீவால் தள்ளிப்போன ரவுண்டை, நான் கேட்காமலே கங்காணி சரிசெய்துவிட்டார். நான் இன்னும் குடிக்கவில்லை. தலைவலி போய்விட்டது. ஆனால் அந்த மிதப்பு முழுதாகப் போகவில்லை. சில மத்தியானங்களில் பந்து இன்னும் கூரைக்கு மேலே நிற்கிறது. அழகனின் சட்டை இருக்கிறது, சமாளிக்கிறேன்.

துஷாந்த் பரீட்சை எழுதிவிட்டுக் கொழும்பில் ஒரு இரும்புக் கடையில் சேர்ந்துவிட்டான். நேற்று சாயந்தரம் எனக்குப் போன் எடுத்தான்.

"அக்கா, குடிச்சிட்டீங்களா?"

"இன்னும் மெச்சே தொடங்கலயேடா. அடுத்த புதன்கிழமைதான்."

"கோல் விழுந்த உடனே எனக்கு ஒரு போன் அடிங்கக்கா. வேலை நேரம்னு பாக்காதீங்க."

"எதுக்கு அவ்வளவு அவசரம்?"

லொறி போகிற சத்தத்துக்கு மேலாகச் சொன்னான்.

"இங்க கடையில நாலு மணிக்கு எல்லாருக்கும் தேத்தண்ணி குடுப்பாங்க. நீ ஏன்டா குடிக்கிறதில்லன்னு முதலாளி தினமும் கேக்குறாரு. அவருக்கு என்னன்னு சொல்றது?"

அவனைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன்.

"சத்தத்த கேட்டு போன் எடுக்கமாட்டேன்," என்றேன் கடைசியில். "கண்ணால பாத்துட்டுத்தான் எடுப்பேன்."

"அது தெரியும்க்கா," என்றான்.